எதிரில் நிற்பவரின் வலது

பிப்ரவரி 10, செவ்வாய்

இன்று நாற்பத்து மூன்று படம். மார்பு முப்பது, மீதி கை கால். கட்டை விரலில் சுத்தியலைப் போட்டுக்கொண்ட தச்சர் ஒருவர், எக்ஸ்ரே எடுத்தால் வலிக்குமா என்று கேட்டார். "வலிக்காதுங்க. அசையாம இருக்கணும், அதுதான் கஷ்டம்" என்றேன். முப்பத்து நாலு வருடமாக இதே பதில்.

மாலை மகள் போன் செய்தாள். அவளுக்கும் மருமகனுக்கும் லீவு ரத்தாம். கணவன் மனைவி ஒரே ஆபீசில் வேலை பார்த்தால் இப்படித்தான், அடித்தால் இரண்டு பேருக்கும் சேர்ந்து அடிக்கும். ஏரிக்கரை ஊர், எட்டு நாள், நாலு பேர் என்று நவம்பரிலேயே ரயிலும் அறையும் போட்டு வைத்தது. அவர்கள் இருவர், நான், மருமகனின் அம்மா. என் வீட்டுக்காரர் ஆரம்பத்திலேயே கழன்றுகொண்டார். படகு என்ற சொல்லைக் கேட்டாலே அவருக்கு வயிற்றைப் புரட்டும்.

போகட்டும், இன்னொரு வருடம் பார்த்துக்கொள்ளலாம் என்று நான் சொல்ல வாயெடுப்பதற்குள் மகள், "நீயும் அத்தையும் மட்டும் போய்ட்டு வாங்களேன்மா. அத்தை சரின்னுட்டாங்க" என்றாள்.

அத்தை சரி என்றுவிட்டார். இனி நான் மாட்டேன் என்றால் எப்படி இருக்கும்?

பிப்ரவரி 11, புதன்

சம்பந்தியம்மாவோடு எட்டு நாள். ஒரே அறை.

பிப்ரவரி 14, சனி

துணி அடுக்கிக்கொண்டே எழுதுகிறேன். வெளியில் சொல்ல முடியாததை இங்கேயாவது சொல்லி வைக்கிறேன்.

சம்பந்தியம்மா பள்ளிக்கூடத்தில் உடற்பயிற்சி ஆசிரியை. எங்கள் வீட்டில் அவருக்கு விசில் டீச்சர் என்று பெயர். வைத்தது நான்தான். கல்யாணத்தன்று குடும்பப் படம் எடுக்கும்போது போட்டோக்காரர் கத்திக் கத்தித் தொண்டை கட்டிப்போய் நின்றார். சம்பந்தியம்மா கைப்பையிலிருந்து விசிலை எடுத்து ஒரே ஊது. இரண்டு பக்கத்துச் சொந்தமும் உயர வரிசையில் நின்றது, யார் சொன்னாலும் கேட்காத எங்கள் பெரியப்பா உட்பட. எல்லாரும் சிரித்தார்கள். எனக்குத் திக்கென்றது. என் பெண் இவரிடமா போய் மாட்டியிருக்கிறாள்?

பதினாலு மாதம் முன்பு அவர் வேலையிலிருந்து ஓய்வு பெற்றார். கணவர் போய் நாலு வருடம், தனியாகத்தான் இருக்கிறார். அம்மா நம்மோடு வந்துவிடட்டுமே என்று மருமகன் கேட்டிருக்கிறான். மகள் என்னிடம் யோசனை கேட்டாள். நான் ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. "வேண்டவே வேண்டாம். உன் வீடு பள்ளிக்கூடம் ஆயிடும். காலைல அஞ்சரைக்கு விசில் அடிச்சு எழுப்புவாங்க. வீடு சின்னது, பெரிய வீடு பாத்துட்டுக் கூப்பிடறோம்னு சொல்லிடு" என்றேன். அவளும் அப்படியே சொன்னாள். சம்பந்தியம்மா சரி என்றார். அத்தோடு பேச்சு முடிந்தது.

வீட்டுக்காரருக்கு மட்டும் இது தெரியும். "அங்க போய் உளறி வைக்காதே. வாயைத் தைச்சுக்கிட்டுப் போ" என்கிறார்.

தைத்துக்கொண்டுதான் போகிறேன்.

பிப்ரவரி 20, வெள்ளி. ரயிலில்

அவருக்கு முதுகில் ஒரே பை. எனக்கு இரண்டு பெட்டி, ஒரு கூடை, ஒரு குடை. "என்ன சம்பந்தியம்மா, வீட்டையே காலி பண்ணிட்டீங்களா?" என்று கேட்டுக்கொண்டே இரண்டு பெட்டியையும் தூக்கி மேலே போட்டார். அறுபது வயது. நான் குடையோடு ஓரமாக நின்றேன்.

ரொட்டியும் அவித்த முட்டையும் எடுத்து வைத்தேன். ஜன்னல் பக்கம் எனக்கே கொடுத்தார். எல்லாம் நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது.

"காலி பண்றதுன்னு சொன்னேனே, அதை நான்தான் பண்ணி வெச்சிருக்கேன்" என்றார். "பதினேழு அட்டைப்பெட்டி. கயிறு போட்டுக் கட்டி, ஹால்ல வரிசையா நிக்குது."

"எதுக்கு?"

"பசங்க பெரிய வீடு பாத்துக்கிட்டிருக்காங்கல்ல? கிடைச்சுதுன்னா உடனே கெளம்பணும். கடைசி நேரத்துல அலையறது எனக்குப் பிடிக்காது. இரும்புச் சட்டி எந்தப் பெட்டில போச்சுன்னே தெரியல. கட்டினதைப் பிரிக்க மனசு வரல. கடைல புதுசு ஒண்ணு வாங்கிட்டேன்" என்று சொல்லிச் சிரித்தார்.

பதினாலு மாதமாக! வெளியில் இருப்பது இரண்டு தட்டு, இரண்டு டம்ளர், ஒரு புதுச் சட்டி. மீதி வாழ்க்கை கயிறு கட்டி ஹாலில் நிற்கிறது.

நானும் சிரித்து வைத்தேன். மீதி முட்டையைத் தாளில் சுற்றிக் கூடைக்குள் வைத்துவிட்டேன்.

பிப்ரவரி 21, சனி

நேற்று ராத்திரியே வந்து சேர்ந்தோம். ஏரி பெரிது. எதிர்க்கரை தெரியவில்லை. ஹோட்டல் அறையில் இரண்டு கட்டிலையும் ஒட்டிப் போட்டிருந்தார்கள். "நான் தூக்கத்துல உதைப்பேன், உங்க நல்லதுக்குத்தான்" என்று சம்பந்தியம்மா ஒன்றை இழுத்துத் தள்ளிப் போட்டார்.

காலை ஐந்தரைக்கு எனக்குத் தானாக விழிப்பு வந்தது. விசிலுக்காகக் காத்துப் படுத்திருந்தேன். சத்தமே இல்லை. எழுந்து பார்த்தால் பால்கனியில் கண்ணாடிக் கதவைச் சாத்திக்கொண்டு, குளிரில் நின்று கையைக் காலை வீசிக்கொண்டிருக்கிறார். குதிக்கும்போது கூட நுனிக்காலில்.

"நீங்க தூங்கறீங்களேன்னுதான் கதவைச் சாத்திக்கிட்டேன்" என்றார்.

நான் எங்கே போய் முகத்தை வைத்துக்கொள்வது?

படகுத்துறையில் அவரைப் படம் எடுத்தேன். நேராக ஒன்று, பக்கவாட்டில் ஒன்று. எனக்கு அப்படித்தான் வரும், எங்கள் வீட்டு ஆல்பம் முழுக்கப் போலீஸ் ஸ்டேஷன் மாதிரி இருக்கும். எதற்கு இரண்டு என்று கேட்டார். "எலும்பை ஒரு பக்கத்துல இருந்து மட்டும் பாத்து எதுவும் சொல்லக் கூடாது. எங்க வேலைல அதுதான் முதல் பாடம்" என்றேன், கொஞ்சம் பெருமையாக.

பிப்ரவரி 22, ஞாயிறு

இன்று சந்தோஷமாக இருந்தேன். எழுதி வைக்கிறேன், இல்லாவிட்டால் பிறகு நானே நம்ப மாட்டேன்.

ஏரியைச் சுற்றி ஒன்பது கிலோமீட்டர் நடந்தோம். அதாவது அவர் நடந்தார், நான் பின்னால் ஓடினேன். "நகருங்க, நகருங்க! நின்னா கால் மரத்துடும்" என்று அவர். "கொஞ்சம் அசையாம நில்லுங்க, படம் எடுக்கணும்" என்று நான். ஆயுசு முழுக்க அவர் மனிதர்களை நகரச் சொன்னவர், நான் நிற்கச் சொன்னவள். இரண்டு பேரும் ஒரே பாதையில் போனால் வேடிக்கையாகத்தான் இருக்கும்.

தொப்பி விற்கிற பெண் எங்களை அக்கா தங்கையா என்று கேட்டாள். "அய்யய்யோ, இல்லம்மா. இவங்க பொண்ணு என் பையனைக் கட்டியிருக்கா. நாங்க ரெண்டு பேரும் எதிர்க்கட்சி" என்றார் சம்பந்தியம்மா. அந்தப் பெண் இரண்டு தொப்பிக்கு விலை குறைத்துக் கொடுத்தாள், பாவம் என்றோ என்னவோ.

திரும்பி வரும்போது, "எத்தனை நாளைக்கு இந்த சம்பந்தியம்மா, சம்பந்தியம்மா? வாய் வலிக்குது. நான் உங்களை எக்ஸ்ரேன்னு கூப்பிடறேன்" என்றார்.

"அப்ப நான் டீச்சர்னு."

"விசில் டீச்சர்னு சொல்லுங்க. தெரியும் எனக்கு." கண்ணடித்தார். நான் திருதிருவென்று விழித்தேன்.

பெயர் அவருக்குத் தெரிந்திருக்கிறது. வேறு என்னவெல்லாம் தெரியும்? வேறு எதுவும் தெரியாது. தெரிந்தவர் பெட்டி கட்டி வைத்துக்கொண்டு உட்கார மாட்டார்.

பிப்ரவரி 23, திங்கள்

கெண்டைக்கால் இரண்டும் கல். டீச்சர் பிடித்துவிட்டார், வேண்டாம் வேண்டாம் என்று நான் கத்தக் கத்த.

பிப்ரவரி 24, செவ்வாய். தீவில், மதியம்

இங்கே நாங்கள் இருக்கவே கூடாது.

பூந்தோட்டம் இருக்கிற தீவுக்குக் கிளம்பினோம். கவுண்டர் ஜன்னலுக்கு உள்ளே எங்களைப் பார்த்து உட்கார்ந்திருந்த சீட்டுக்காரர், "வலது பக்கப் படகு" என்றார். துறையில் இரண்டு படகு நின்றது. எங்கள் எக்ஸ்ரே அறையில் வலது என்றால் எதிரில் நிற்பவரின் வலது. என்னுடையது இல்லை. இத்தனை வருடத்தில் அது ரத்தத்திலேயே ஊறிவிட்டது. அதனால் அவருடைய வலது பக்கம் எது என்று பார்த்து, நேராக இடது பக்கப் படகுக்குப் போய்விட்டேன்.

டீச்சராவது தடுத்திருக்கலாமே? தடுக்கவில்லை. எனக்கு முன்னால் விறுவிறுவென்று ஏறி உட்கார்ந்தவரே அவர்தான்.

முக்கால் மணி நேரம் கழித்துத்தான் தோட்டத்தையும் காணோம், கூட்டத்தையும் காணோம் என்று உறைத்தது. ஒரு தபால் நிலையம், ஒரு பள்ளிக்கூடம், இருபது வீடு, ஆடுகள். திரும்பிப் போக நாளை காலை பத்து மணிக்குத்தான் படகாம்.

"என்மேலதான் தப்பு டீச்சர்" என்று என் அறைப் பழக்கத்தைச் சொன்னேன். அவர் வாயைப் பிளந்துகொண்டு கேட்டார். பிறகு கரையில் கிடந்த கல்லில் உட்கார்ந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்க ஆரம்பித்தார். "எக்ஸ்ரே, நானும் அதேதான்! பிள்ளைங்களுக்கு எதிர்ல நின்னு 'வலது கை மேல'ன்னு சொன்னா, நான் இடது கையைத் தூக்கணும். அப்பதான் அதுங்க பாத்துச் சரியாத் தூக்கும். முப்பத்தஞ்சு வருஷம்! யாராவது எதிர்ல நின்னு வலதுன்னு சொன்னா, என் கால் தன்னால இடது பக்கம்தான் போகும்."

உலகத்தில் எந்த இரண்டு பேர் சேர்ந்து போயிருந்தாலும் ஒருத்தராவது தடுத்திருப்பார்கள். நாங்கள் இருவரும் தப்பான படகில் அவ்வளவு நிச்சயமாக ஏறி உட்கார்ந்திருந்தோம்.

தபால் நிலையத்து அம்மாள் மாடியில் ஓர் அறை வைத்திருக்கிறார். "தப்பா வர்றவங்க வருஷத்துக்கு ரெண்டு மூணு பேர் உண்டு. சேர்ந்து தப்பா வந்தது நீங்கதான்" என்று சாவியைக் கொடுத்தார். டீச்சர் இப்போது ஆடுகளோடு பேசிக்கொண்டிருக்கிறார். எனக்கு இந்த ஊர் பிடித்திருக்கிறது.

அதே நாள், மாலை

சொல்லிவிட்டேன்.

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

தபால் நிலையத்து வாசல் பெஞ்சில் டீ குடித்துக்கொண்டிருந்தோம். "எக்ஸ்ரே, உண்மையைச் சொல்லுங்க. எப்பவாவது படத்துல இடம் வலம் மாத்திப் போட்டிருக்கீங்களா?" என்று கேட்டார். "ஒரு தடவைகூட இல்ல" என்றேன். அது நிஜம். "சரிதான். தப்பே பண்ணாத ஆளு!" என்று என் தோளில் தட்டினார். அப்புறம், "பெரிய வீடு கிடைச்சதும் நீங்களும் வந்து பத்து நாள் இருங்க. ரெண்டு பேருமா அந்த ஊரையும் ஒரு சுத்து சுத்திடலாம்" என்றார்.

இதற்கு மேல் எப்படி வாயை மூடிக்கொண்டு இருப்பது? மூச்சு விடாமல் எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். மகள் கேட்டது, நான் வேண்டாம் என்றது, பள்ளிக்கூடம் ஆகிவிடும் என்றது, விசில் என்றது. பெரிய வீடு என்பது நான் சொல்லிக் கொடுத்த சாக்கு என்பதும்.

அவர் ஏரியையே பார்த்துக்கொண்டிருந்தார். "அப்ப யாரும் வீடு பாக்கலையா?"

"இல்ல."

"ஒரு நாள்கூட?"

"இல்ல டீச்சர்."

டம்ளரைக் கீழே வைத்தார். எழுந்து நடந்தார். இந்தத் தீவை ஒரு சுற்று சுற்றக் கால் மணி நேரம் ஆகும் போலிருக்கிறது. நாலு தடவை இந்த வாசலைத் தாண்டிப் போனார். ஒரு தடவைகூட இந்தப் பக்கம் திரும்பவில்லை. ஐந்தாவது சுற்றில் நின்று, "சம்பந்தியம்மா, சாப்பிடப் போங்க. ஆறிடும்" என்றார்.

சம்பந்தியம்மா. பளாரென்று அறைந்திருந்தால்கூடப் பரவாயில்லை.

பிப்ரவரி 25, புதன்

பேசவில்லை. அறையில் ஒரே கட்டில்தான். தூக்கத்தில் உதைப்பேன் என்றவர் ராத்திரி பூரா மரக்கட்டை மாதிரி கிடந்தார். தூங்கவே இல்லை என்று அர்த்தம். நானும்தான்.

காலையில் படகு வந்த பிறகு மூக்குக் கண்ணாடியை மாடியில் வைத்துவிட்டு வந்தது ஞாபகம் வந்தது. ஓடிப் போய்த் தேடுகிறேன், கிடைக்கவில்லை. போர்வையை உதறுகிறேன், கட்டிலுக்கு அடியில் குனிகிறேன். படகு மணி அடித்துவிட்டது. கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. அப்போது துறைப் பக்கமிருந்து விசில். இரண்டு குட்டை, ஒரு நீளம். ஆடெல்லாம் திரும்பிப் பார்த்தது.

முப்பது வருடத்தில் நான் அப்படி ஓடியதில்லை. படகுக்காரர் சிரித்துக்கொண்டே கை கொடுத்து ஏற்றினார். "அந்தம்மா ஒரு காலைப் படகுலயும் ஒரு காலைத் துறையிலயும் வெச்சுக்கிட்டு, கயிறை அவுக்கவே விடலைங்க" என்றார். டீச்சர் விசிலைப் பைக்குள் போட்டுக்கொண்டு வேறு பக்கம் திரும்பி உட்கார்ந்துவிட்டார். கண்ணாடி என் தலைமேலேயே இருந்தது. அதையும் அவர் சொல்லவில்லை.

பிப்ரவரி 26, வியாழன்

காலையில் பால்கனிக் கதவைத் திறந்து வைத்தே பயிற்சி செய்தார். முடித்துவிட்டு என் கட்டிலுக்கு எதிரே நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தார்.

"எலும்பை ரெண்டு பக்கத்துல இருந்து பாக்கணும்னு சொன்னீங்க. என்னை எத்தனை பக்கத்துல இருந்து பாத்தீங்க, அந்த முடிவு சொல்றதுக்கு முன்னாடி?"

"ஒண்ணுதான். கல்யாணத்துல."

"வேண்டாம்னு நேரா சொல்லியிருந்தா ரெண்டு நாள் அழுதிருப்பேன். மூணாம் நாள் பெட்டியைப் பிரிச்சிருப்பேன். பதினாலு மாசமா நான் என் வீட்டுக்கே விருந்தாளி, தெரியுமா? யாராவது வந்தா உட்கார வைக்க ஒரு விரிப்பு கிடையாது. அதுவும் பெட்டில."

அழுதேன். அழுகையை அவர் கண்டுகொள்ளவில்லை. பள்ளிக்கூடத்தில் எத்தனை பேர் அழுது பார்த்திருப்பாரோ. "இப்பவே அவளுக்குப் போன் பண்றேன். உங்களைக் கூப்பிடச் சொல்றேன்" என்று போனை எடுத்தேன்.

"வைங்க கீழ" என்றார். "போன தடவை வேண்டாம்னதும் உங்க பேச்சு. இப்ப வாங்கன்னு சொன்னா, அதுவும் உங்க பேச்சு. அந்தப் பொண்ணு வீட்டுல அந்தப் பொண்ணு எப்பதான் பேசறது?"

போனைக் கீழே வைத்தேன்.

பிறகு அவர் முன்னாலேயே மகளை அழைத்தேன். நான் எல்லாவற்றையும் அத்தையிடம் சொல்லிவிட்டேன், உன் மனசில் என்ன இருக்கிறதோ அதை நீயே அவரிடம் பேசு, என்னிடம் யோசனை கேட்காதே என்று மட்டும் சொன்னேன். "அம்மா! ஏம்மா இப்படிப் பண்ணினே? இனிமே அத்தை மூஞ்சில நான் எப்படி முழிப்பேன்?" என்று கத்தினாள். வைத்துவிட்டாள்.

மாலையில் டீச்சரின் போன் அடித்தது. எடுத்துக்கொண்டு பால்கனிக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். நாற்பது நிமிடம். கண்ணாடி வழியாக முகத்தின் ஒரு பக்கம்தான் தெரிந்தது. ஒரு தடவை தலையாட்டினார். ஒரு தடவை சேலைத் தலைப்பால் மூக்கைத் துடைத்தார். ஒரு தடவை சிரித்த மாதிரியும் இருந்தது. அந்த ஒரு பக்கத்தை வைத்துக்கொண்டு எதையும் முடிவு செய்யக் கூடாது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

உள்ளே வந்து, "நல்லாத்தான் பேசறா உங்க பொண்ணு" என்றார்.

"என்ன சொன்னா?"

"அது எங்களுக்குள்ள."

எங்களுக்குள்ள! நான் பெற்ற பெண், எனக்கு வெளியில் ஓர் 'எங்கள்'. சுருக்கென்றது. ஆனால் இந்த ஒரு வாரத்தில் இன்றைக்குத்தான் படுத்ததும் கண் சொக்குகிறது.

பிப்ரவரி 27, வெள்ளி

ஸ்டேஷனில் என் இரண்டு பெட்டியையும் அவரே இறக்கி வைத்தார். "வர்றேன் சம்பந்தியம்மா" என்றார். திரும்பிப் பார்க்காமல் அவருடைய வேகத்தில் போய்விட்டார்.

வீட்டுக்காரர் கதவைத் திறந்ததும், "உளறிட்டியா?" என்றார்.

"உளறிட்டேன்."

"தெரியும். உப்பு டப்பாவை எங்க வெச்சே? எட்டு நாளா தேடறேன்."

மார்ச் 2, திங்கள்

படங்களைக் கடையில் பிரிண்ட் போட்டு வாங்கினேன். நேராக எடுத்ததில் எல்லாம் டீச்சர் கொடியேற்றத்துக்கு நிற்கிற மாதிரி விறைப்பாக நிற்கிறார். பக்கவாட்டில் எடுத்ததில் எல்லாம் சிரிக்கிறார். எடுத்து முடித்துவிட்டேன் என்று நினைத்து என்னைப் பார்த்துச் சிரித்திருக்கிறார், ஒவ்வொரு தடவையும். எடுக்கும்போது நான் கவனிக்கவே இல்லை.

ஒரு செட் அவருக்குத் தபாலில் அனுப்பினேன்.

மார்ச் 15, ஞாயிறு

மகள் பேசினாள். மழை, ஆபீஸ், பல்வலி. அத்தை பற்றி அவளும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. நாக்கைக் கடித்துக் கடித்து வடு விழுந்திருக்கும்.

மார்ச் 22, ஞாயிறு

படங்கள் கிடைத்ததா என்று தெரியவில்லை. கிடைக்காமல் எங்கே போகும்? காத்திருப்பது இப்படித்தான் இருக்கும் போல. எனக்கு மூன்று வாரம்தான் ஆகிறது. அவருக்குப் பதினாலு மாதம்.

ஏப்ரல் 3, வெள்ளி

மார்பு எக்ஸ்ரேவுக்கு ஒருவரை நிறுத்தி, மூச்சை இழுத்துப் பிடிக்கச் சொன்ன நேரத்தில் போன் அடித்தது. முதலில் படம். அப்புறம் வெளியே வந்து திருப்பி அழைத்தேன்.

"எக்ஸ்ரே? அடுத்த சனிக்கிழமை லீவு போடு. பதினேழு பெட்டி பிரிக்கணும். நான் ஒருத்தியா பிரிச்சா இடுப்பு போயிடும்."

போடு என்றார்! போடுங்க இல்லை.

"எந்த வீட்டுல டீச்சர்?"

"பசங்க குடியிருக்கற கட்டடம்தான். கீழ்த்தளத்துல ஒரு வீடு காலியாச்சு. உன் பொண்ணுதான் பாத்தா. ஒரே வீடுன்னா எனக்குப் பயமா இருக்கு அத்தை, ஆனா நீங்க பக்கத்துலயே இருக்கணும்னு அன்னிக்கே சொன்னா. நேரா சொன்னா பாரு, அது பிடிச்சுது எனக்கு. எனக்கும் அவ சமையலறைல போய் நிக்கறதுல இஷ்டம் இல்ல."

திரும்பி உள்ளே போனேன். மூச்சை விட்டுவிட்டீர்களா என்று நோயாளியைக் கேட்டேன். "அப்பவே விட்டுட்டேங்க" என்றார். நான்தான் விடவில்லை போலிருக்கிறது.

ஏப்ரல் 11, சனி

முதுகு விட்டுப்போயிற்று. இருந்தாலும் இன்றே எழுதிவிட வேண்டும்.

புது வீட்டில் வாசலுக்கு நேரே ஒரு ஹால், வலது பக்கம் ஓர் அறை, இடது பக்கம் சமையலறை. ஒவ்வொரு பெட்டி மேலும் வலது, இடது என்று டீச்சர் எழுதியிருந்தார். நாங்கள் இருவரும் ஹாலுக்குள் வாசலைப் பார்த்து நின்றுகொண்டோம். சுமை தூக்குகிறவர்கள் பெட்டியோடு எங்களைப் பார்த்து வந்தார்கள். நாங்கள் வலது என்றால் அவர்களுடைய வலது. எங்களுக்குள் பேசிக்கொள்ளவே இல்லை, ஆனால் இரண்டு கையும் ஒரே பக்கம் நீண்டது. பதினேழு பெட்டியும் சரியாகப் போய்ச் சேர்ந்தது. உதவிக்கென்று நடுவில் வந்து நின்ற மருமகன்தான் இரண்டு பெட்டியை மாற்றி அனுப்பப் பார்த்தான். டீச்சர் விசிலை எடுத்ததும் ஒதுங்கிக்கொண்டான்.

நான் எடுத்த படங்கள் ஜன்னல் ஓரத்தில் இருக்கின்றன. பக்கவாட்டுப் படங்கள் மட்டும்.

ஒன்பதாவது பெட்டியை நான் பிரித்தேன். போர்வைக்கு நடுவில் பழைய இரும்புச் சட்டி, செய்தித்தாளில் சுற்றி. அதற்குள் ஒரு வெள்ளைத் தாள். டீச்சரின் குண்டுக் கையெழுத்து: "முதல் நாள் சமையலுக்கு. இதை முதலில் பிரிக்கவும்." மூலையில் தேதி. பதினாறு மாதம் முந்தைய தேதி.

மகள் என் தோளுக்கு மேலே எட்டிப் படித்தாள். பாத்ரூமுக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டாள்.

டீச்சர் வந்து தாளை வாங்கிப் பார்த்தார். "அட! வெளியில ஒட்டறதுக்குன்னு எழுதினேன். உள்ள வெச்சுக் கட்டிட்டேன் பாரு" என்று தலையில் அடித்துக்கொண்டார். பிறகு சட்டியைத் தூக்கிக்கொண்டு சமையலறைக்குப் போனார்.

அந்தச் சட்டியில்தான் இன்று எல்லாருக்கும் சமைத்தார். தரையில் விரிப்பைப் போட்டு, பிரித்தும் பிரிக்காத பெட்டிகளுக்கு நடுவில் உட்கார்ந்து சாப்பிட்டோம். வீட்டுக்காரர் மூன்று தடவை போட்டுக்கொண்டார். கிளம்பும்போது புதுச் சட்டியை என் மடியில் வைத்து, "எனக்கு ஒண்ணு போதும், இதை நீ வெச்சுக்கோ" என்றார் டீச்சர். அந்தத் தாளையும் கேட்டு வாங்கி வந்தேன். இந்தப் பக்கத்தில் ஒட்டப் போகிறேன்.

சாப்பாட்டில் உப்பு கொஞ்சம் தூக்கல். எல்லாரும் பேசாமல் சாப்பிட்டார்கள். நான் மட்டும் நேராகச் சொல்லிவிட்டேன்.

"அப்படியா? நாளைக்குக் குறைச்சுப் போடறேன்" என்றார் டீச்சர்.